அந்தோனியார் நாடிய மலைநாடு

நம் ஊர்களில் புனித அந்தோனியாரின் சுரூபம் இல்லாத ஆலயம் அரிது. செவ்வாய்க்கிழமை தோறும் அவரது நவநாளில் கூடுகிறோம். காணாமற்போன பொருளுக்காகவும் தீராத பிணிக்காகவும் அவரிடம் மன்றாடுகிறோம். பதுவைப் பதியர் என்று அவரை வாழ்த்துகிறோம். ஆனால் அவர் இளமையில் சென்று உயிர் கொடுக்க விரும்பிய நாடு இத்தாலியன்று, மொரோக்கோ என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1220ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், பிரான்சிஸ்கு சபைத் துறவியர் ஐவர் மொரோக்கோவின் மராக்கேஷ் நகரில் வெட்டுண்டு இறந்தனர். அவர்களது திருப்பண்டங்கள் போர்த்துக்கல் நாட்டின் கொயிம்பிரா நகருக்குக் கொண்டு வரப்பட்டன. அங்கே அகுஸ்தினார் சபை மடத்தில் இருந்த பெர்னாந்து என்னும் இளம் துறவி அவற்றைக் கண்டு உள்ளம் பற்றியெரிந்தார், பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்து அந்தோணி எனப் பெயர் பூண்டார், மொரோக்கோவுக்குக் கப்பலேறினார். ஆனால் கொடிய நோய் அவரைப் படுக்கையில் தள்ளிற்று. தாயகம் திரும்பப் புறப்பட்ட கப்பலைக் காற்று சிசிலித் தீவுக்கு அடித்துச் சென்றது. அவ்வாறே அவர் இத்தாலிக்கு உரியவரானார்.

குருமடத்தில் இவ்வரலாற்றைப் படித்த நாள் முதல் அந்நாட்டை ஒரு முறையேனும் காண வேண்டும் என்ற ஆவல் என் உள்ளத்தில் இருந்து வந்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், ஐம்பதைக் கடந்த இந்த வயதில், அது கைகூடிற்று. கண்டதையும் கேட்டதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது கடமையெனக் கருதுகிறேன்.

மலைகளால் ஆன நாடு

வட ஆப்பிரிக்கா என்றவுடன் மணற்பரப்பும் ஒட்டகமுமே நம் கற்பனையில் எழும். மொரோக்கோவோ முதலில் மலைநாடு. வடக்கே ரீஃப் மலை; நாட்டின் நடுவே நடு அட்லஸ், உயர் அட்லஸ்; தெற்கே எதிர் அட்லஸ் என நான்கு மலைத்தொடர்கள் அதன் முதுகெலும்பாய் நிற்கின்றன. மேற்கே அட்லாந்திக் கடலிலிருந்து வரும் மேகங்களை இம்மலைகளே தடுத்து மழையாகவும் பனியாகவும் இறக்குகின்றன. பனி உருகி ஆறாகி வயல்களை அடைகிறது. மலைக்கு அப்பால் தெற்கே சகாராப் பாலை தொடங்குகிறது. உயர் அட்லஸின் துப்கால் சிகரம் 4,167 மீட்டர் உயரமுள்ளது. வட ஆப்பிரிக்கா முழுவதிலும் அதனினும் உயர்ந்தது வேறில்லை. நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அவ்வுயரம் விளங்கும்.

இம்மலைகளின் மக்கள் அமாசிக் இனத்தவர். பெர்பர் என்று உலகம் அவர்களை அழைத்தது. அவர்களோ தம்மை அமாசிக் என்றே சொல்லிக்கொள்வர். அராபியர் வருமுன்பே, உரோமையர் வருமுன்பே, அம்மண்ணில் வாழ்ந்தவர்கள் இவர்கள். அவர்களுக்கென ஒரு மொழியும், திஃபினாக் எனப்படும் தனி எழுத்தும் உண்டு. நீண்ட காலம் வீட்டு மொழியாகவே இருந்த அம்மொழிக்கு, 2011ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் அரபு மொழியோடு ஆட்சிமொழித் தகுதியும் அளித்தது. பள்ளிச் சுவர்களிலும் அரசு அலுவலகப் பலகைகளிலும் வட்டமும் கோடுமாய் அவ்வெழுத்துக்களைக் கண்டபோது, தாய்மொழியை உயிரென மதிக்கும் நாட்டிலிருந்து சென்ற எனக்கு உள்ளம் நெகிழ்ந்தது.

மராக்கேஷில் இரண்டு நாள்

ஐந்து மறைசாட்சிகள் இறந்த மராக்கேஷ் இன்று பேரும் புகழும் பெற்ற சுற்றுலா நகரம். 11ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்நகரின் மதிலும் வீடுகளும் செம்மண் நிறத்தவை. ஏறத்தாழ 77 மீட்டர் உயர்ந்த குத்துபியா பள்ளிவாசலின் கோபுரம் எத்திசையிலிருந்தும் தெரிகிறது. அதன் அருகே ஜெமா எல்ஃப்னா என்னும் பெருந்திடல். பகலில் பழச்சாறு விற்பவரும் பாம்பாட்டியரும். பொழுது சாய்ந்ததும் புகை எழும் உணவுக் கடைகள், பறை முழக்குவோர், கதை சொல்வோர். கதை கேட்போர் வட்டமாய் நிற்கின்றனர். கதை உச்சத்தை அடையும்போது கதைசொல்லி நிறுத்திவிட்டுக் காசு கேட்கிறார். மொழி புரியாமலேயே நானும் ஒரு நாணயம் இட்டேன். இத்திடலின் வாய்மொழிக் கலைகளை மனித குலத்தின் மரபுச் செல்வமென யுனெஸ்கோ 2001இல் அறிவித்தது.

நகரின் புதுப்பகுதியில் அந்த ஐவரின் நினைவாகப் புனித மறைசாட்சிகள் ஆலயம் இருக்கிறது. ஞாயிறு திருப்பலியில் பாடியவர்களுள் பெரும்பாலார் சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளிலிருந்து படிக்கவும் பிழைக்கவும் வந்த கறுப்பின இளைஞர்கள். மொரோக்கோவில் உரபாத், தாஞ்சியர் என இரு மறைமாவட்டங்கள் உண்டு. விசுவாசிகள் சிறு மந்தை. அனைவரும் ஏறத்தாழ அயல்நாட்டவர். அந்நாட்டுச் சட்டப்படி முஸ்லிம்களை மதம் மாற்ற முயல்வது குற்றம். எனவே அங்குத் திருச்சபை போதிப்பதை விட உடன்வாழ்கிறது என்று சொல்லலாம். அது எத்தகைய வாழ்வு என்பதைப் பின்னர் கண்டேன்.

மலைப்பாதையில்

மராக்கேஷிலிருந்து தெற்கே 60 கி.மீ.க்குச் சற்று மேல் சென்றால் இம்லில் என்னும் மலையூர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,740 மீட்டர் உயரம். காருந்துப் பாதை அங்கே ஒடுங்குகிறது. அதற்கு மேல் கால்நடையும் கோவேறு கழுதையுமே. எனக்கு அமர்த்தப்பட்ட வழிகாட்டி நாற்பது வயது மதிக்கத்தக்கவர். மெலிந்த, உறுதியான உடல். என்னை அவர் 'ஹஜ்' என்றே அழைத்தார். மெக்கா சென்று வந்தவருக்குரிய சொல் அது. வயதில் மூத்தவரையும் மரியாதையாக அவ்வாறு அழைப்பது அந்நாட்டு வழக்கம். 'நான் கத்தோலிக்கக் குரு' என்றேன். 'இருக்கட்டும் ஹஜ், நீங்களும் இறைவனுக்காகப் பயணம் செய்பவர்தானே' என்றார்.

அது அக்ரூட் பறிக்கும் காலம். நீண்ட கழிகளால் ஆடவர் கிளைகளைத் தட்ட, சிறுவரும் பெண்டிரும் கீழே காய்களைப் பொறுக்கினர். பச்சைத் தோலை உரித்த கைகளெல்லாம் கருமை படிந்திருந்தன. மலைச்சரிவில் படிப்படியாய் வெட்டிய சிறு நிலங்களில் வாற்கோதுமையும் ஆப்பிள், செர்ரி மரங்களும். ஒவ்வொரு படிக்கும் நீர் செல்ல 'தர்கா' என்னும் வாய்க்கால். நீர் முறைவைத்துப் பங்கிடப்படுகிறது. இன்ன குடும்பத்துக்கு இன்ன நேரம் என்று ஊரார் வகுத்த கணக்கை எவரும் மீறுவதில்லை. நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டிகள் மடை திறந்து மடை அடைத்த முறையை அது நினைவூட்டிற்று.

மேய்ச்சலிலும் இவ்வாறே ஒரு முறை உண்டு. அதற்கு 'அக்தால்' என்று பெயர். அருகிலுள்ள உகைமெதன் என்னும் உயர்ந்த மேய்ச்சல் வெளி, மார்ச் 15 முதல் ஆகஸ்டு 10 வரை ஆடுமாடுகளுக்கு மூடப்படுகிறது. புல் தழைத்துப் பூத்து விதை சிந்திய பின்னரே அது திறக்கப்படும். காவல் வேலி எதுவும் இல்லை. ஊரின் சொல்லே வேலி. நிலத்துக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும் எனப் பழைய ஏற்பாடு கற்பித்ததை நாம் வாசிக்கிறோம். அம்மலைமக்கள் செய்து காட்டுகின்றனர்.

அரெம்த் என்னும் ஊரைக் கடந்து கற்பாதையில் ஏறினோம். ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில், வெண்மை பூசிய பெரும்பாறையோடு ஒரு தர்கா. சீதி ஷம்ஹரூஷ் என்பது பெயர். மனநோயுற்றோரையும் தீய ஆவி பிடித்தவராய்க் கருதப்படுவோரையும் உறவினர் தொலைவிலிருந்து அழைத்து வருகின்றனர். முஸ்லிம் அல்லாதார் பாலத்தைக் கடந்து உட்செல்லுதல் கூடாது; நான் இக்கரையிலேயே நின்றேன். எதிரே ஒரு தாய், இருபது வயது மகனின் கையை விடாது பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தாள். நம் அந்தோனியார் திருத்தலங்களில் அத்தகைய தாய்மாரை எத்தனை முறை கண்டிருக்கிறேன்! மொழியும் மறையும் வேறு. அந்தப் பிடி ஒன்றே.

அந்த இரவு

மாலையில் 3,207 மீட்டர் உயரத்திலுள்ள மலையேறுவோர் விடுதியை அடைந்தோம். குளிர் எலும்பைத் தொட்டது. வழிகாட்டி புதினா இட்ட தேநீரை உயரத் தூக்கிச் சிறு கண்ணாடிக் குவளைகளில் நுரை பொங்க ஊற்றினார். அதன் பின்னரே, நான் கேளாமலே, தம் கதையைச் சொன்னார்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், வெள்ளிக்கிழமை, இரவு 11 மணி 11 நிமிடம். உயர் அட்லஸ் மலையில் 6.8 அளவுள்ள நிலநடுக்கம். 2,900க்கு மேற்பட்டோர் மாண்டனர். மொரோக்கோ அறுபதாண்டுகளுக்கு மேலாக அத்தகைய பேரழிவைக் கண்டதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தின்மெல் பள்ளிவாசலும் பெருமளவு இடிந்தது. மண்ணும் கல்லும் கொண்டு எழுப்பிய வீடுகள் வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்றவை. ஆனால் அவை சரியும்போது பொடியாகி விழுகின்றன. இடிபாட்டினுள் மூச்சு விட இடைவெளி கிடைப்பதில்லை.

'நான் அன்று இம்லிலில் பயணிகளோடு இருந்தேன்,' என்றார் வழிகாட்டி. 'என் ஊர் மலைக்கு அப்பால். பாறை சரிந்து பாதை அடைபட்டது. இரவெல்லாம் நடந்து விடியலில் ஊர் சேர்ந்தேன். ஊர் இல்லை. என் தாயையும் என் தங்கையின் இரு பிள்ளைகளையும் கையால் தோண்டி எடுத்தோம். அன்றே அடக்கம் செய்தோம்.'

என்ன சொல்வதெனத் தெரியாது அமர்ந்திருந்தேன். இறந்தோர் வீட்டில் ஆறுதல் சொல்வது என் அன்றாடப் பணி; எனினும் ஒரு சொல்லும் எழவில்லை. அவரே தொடர்ந்தார்: 'முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,40,000 திர்ஹாம் என்று அரசு அறிவித்தது. தவணை தவணையாய் வருகிறது. வீடு இன்னும் எழவில்லை, கூடாரத்தில் இருக்கிறோம். கோடையில் அனல், பனிக்காலத்தில் குளிர். ஆனால் ஹஜ், அதனினும் வருத்தியது ஒன்றுண்டு. துன்பப்படும் ஊருக்குச் சுற்றுலா போகலாமா எனக் கருதிப் பலர் வராமல் நின்றுவிட்டனர். அன்பினால்தான் அவ்வாறு செய்தனர். ஆனால் அவர்கள் வந்தால்தான் எனக்குக் கூலி, கழுதைக்காரனுக்குக் கூலி, ரொட்டி சுடும் பெண்ணுக்குக் காசு.'

உல்லாசமாய் மலை பார்க்க வந்தோமே என்று என் மனம் கூசிக்கொண்டிருந்த வேளையில் அச்சொற்கள் செவியில் விழுந்தன. துயருற்ற இல்லத்தை விட்டு விலகி நிற்பது எப்போதும் மரியாதையாகாது. சில வேளைகளில் அது கைவிடுதலே என அன்றிரவு கற்றுக்கொண்டேன்.

சிகரம் காணாத திரும்புதல்

விடியுமுன் நான்கு மணிக்குக் கைவிளக்கோடு புறப்பட்டோம். முந்தைய இரவிலிருந்தே எனக்குத் தலைவலி. சரளைக் கற்கள் காலடியில் சரிந்தன. பத்து அடிக்கு ஒரு முறை நின்றேன். இரண்டு மணி நேரம் ஏறிய பின் குமட்டல் எழுந்தது, கண் இருண்டது. உயர்ந்த இடங்களில் காற்று மெலிவதால் உண்டாகும் நோய் அது. அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதே. சிகரம் இன்னும் சில நூறு மீட்டர் மேலே. 'சற்று இளைப்பாறி ஏறிவிடுகிறேன்' என்று பிடிவாதம் செய்தேன். வழிகாட்டி என் முன் வந்து நின்றார். 'ஹஜ், மலை நாளையும் இங்கேயே இருக்கும். நீங்களும் இருக்க வேண்டும். நான் இனி ஒருவரையும் இழக்க மாட்டேன்' என்றார்.

மறுப்பின்றித் திரும்பினேன். இறங்கும் வழியில் கதிரவன் எழுந்தான். பாறைகள் ஊதாவாகி, பின் செம்மையாகி, பின் பொன்னாயின. சிகரத்திலிருந்து காணக்கூடிய காட்சி எதுவோ அறியேன். பாதி வழியில் கண்டது எனக்குப் போதுமானதாய் இருந்தது. நோயால் தடுக்கப்பட்டுத் திரும்பிய அந்தோனியாரை நினைத்துக்கொண்டேன். அவர் திரும்பியிராவிடில் நமக்குச் செவ்வாய்க்கிழமை நவநாள் ஏது?

கேதுரு மரங்களும் ஒரு மடமும்

மராக்கேஷிலிருந்து தொடர்வண்டியில் ஃபெஸ் நகருக்குச் சென்றேன். 859இல் பாத்திமா அல்ஃபிக்ரி என்னும் பெண்மணி நிறுவியதாகச் சொல்லப்படும் கராவியீன் கல்விக்கூடம் அங்குள்ளது. கழுதையும் மனிதரும் மட்டுமே செல்லத்தக்க சந்துகள், தோல் பதனிடும் சாயத்தொட்டிகள் என அந்நகரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அங்கிருந்து தெற்கே அஸ்ரூ என்னும் ஊரருகே வானளாவிய கேதுருக் காடு. திருப்பாடல்களில் பாடிப் பாடிப் பழகிய மரத்தின் இனத்தை முதன்முறையாகத் தொட்டுப் பார்த்தேன். கிளைகளில் வாலில்லாக் குரங்குகள் குட்டிகளோடு விளையாடின.

அட்லஸ் மலைகளின் இடையே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் மிதெல்த். அங்கே அட்லஸ் அன்னை மடம் என்னும் திராப்பிஸ்துத் துறவியர் இல்லம் இருக்கிறது. இதே மடம் முன்பு அண்டை நாடான அல்ஜீரியாவின் திபிரின் என்னும் மலையூரில் இருந்தது. 1996 மார்ச் 26க்கும் 27க்கும் இடைப்பட்ட இரவில் அங்கிருந்த துறவியர் எழுவர் கடத்தப்பட்டனர். அவர்கள் கொல்லப்பட்ட செய்தி மே மாதம் வெளியாயிற்று. உள்நாட்டுப் போரில் ஊர் மக்களை விட்டுப் போக மனமின்றி, ஆபத்தை அறிந்தே தங்கியவர்கள் அவர்கள். 2018 டிசம்பர் 8ஆம் நாள் ஓரான் நகரில் அவர்களும் பிறருமாகப் பத்தொன்பது பேர் முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தப்பட்டனர். அன்றிரவு கடத்தலுக்குத் தப்பிய இருவருள் சகோதரர் ஜான் பியேர் ஷூமாக்கர் மிதெல்தில் வாழ்ந்து, 2021 நவம்பர் 21ஆம் நாள் தமது 97ஆம் வயதில் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். 2019 மார்ச்சில் மொரோக்கோ வந்த திருத்தந்தை பிரான்சிஸ், அம்முதியவரின் கையை முத்தமிட்டதைப் பலரும் படத்தில் கண்டிருப்பீர்கள்.

இம்மடம் இருக்கும் இடத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. முன்பு அங்கே மரியாயின் பிரான்சிஸ்கு மறைபோதகச் சகோதரிகள் அமாசிக் பெண்களுக்குத் தையலும் நெசவும் கற்பிக்கும் கூடம் நடத்தினர். அச்சபை தோன்றியது எங்கே? நம் உதகமண்டலத்தில்! மதுரை மறைத்தளத்திற்கு வந்த அன்னை மரி தெ லா பாசியோன், 1877இல் தொடங்கிய சபை அது. நீலகிரியில் விழுந்த விதை அட்லஸ் மலையிலும் நிழல் தந்திருக்கிறது.

இன்னொரு தொடர்பும் நினைவுக்கு வந்தது. 1883 ஜூன் முதல் 1884 மே வரை, அயலாருக்கு அடைபட்டிருந்த இந்நாட்டில், யூத வேடம் பூண்டு அலைந்த பிரெஞ்சு இளைஞர் சார்லஸ் தெ ஃபுக்கோ. உள்ளங்கையில் மறையும் சிறு குறிப்பேட்டில் மலைகளையும் ஆறுகளையும் அளந்து எழுதினார். அப்போது அவர் விசுவாசம் இழந்தவர். முஸ்லிம் மக்கள் இறைமுன்னிலையில் வாழ்ந்த வாழ்வே அவரை உலுக்கிற்று. அவர்களுள் ஒருவர் தம் வீட்டில் காத்து அவரது உயிரையும் காப்பாற்றினார். 1886இல் பாரீசிலுள்ள புனித அகுஸ்தினார் ஆலயத்தில் அவர் மனந்திரும்பினார். அகுஸ்தினாரும் அவர் தாய் மோனிக்கம்மாளும் வட ஆப்பிரிக்க மண்ணின் மக்களே அல்லவா! 2022 மே 15ஆம் நாள் உரோமையில் ஃபுக்கோ புனிதராக உயர்த்தப்பட்ட அதே திருப்பலியில்தான் நம் மறைசாட்சி தேவசகாயமும் உயர்த்தப்பட்டார்.

மிதெல்தில் காலை மன்றாட்டு முடிந்து முற்றத்துக்கு வந்தேன். மடத்தில் வேலை செய்யும் முஸ்லிம் தொழிலாளரும் துறவியரும் ஒரே தட்டைச் சுற்றித் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். பேச்சு, மழை வருமா என்பது பற்றியும் ஆப்பிள் விலை பற்றியும். உடன்வாழ்வு என்று நான் மேலே சொன்னது இதுதான்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள்

இந்நாட்டுக்குச் செல்வோர் சிலவற்றை மனத்தில் கொள்ளுதல் நலம். மலையேற ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஏற்றது. மற்ற மாதங்களில் உயர்ந்த பகுதிகளில் பனி இருக்கும். அதற்குரிய கருவியும் பயிற்சியும் வேண்டும். 2018 டிசம்பரில் இம்லில் அருகே அயல்நாட்டுப் பெண்கள் இருவர் கொலையுண்டனர்; நாட்டு மக்களே திரண்டு வந்து அவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றி அழுதனர். அதன் பின் துப்கால் செல்வோர் உரிமம் பெற்ற வழிகாட்டியை உடன்கொள்ள வேண்டும் என்பது விதி. பள்ளிவாசல்கள் பெரும்பாலும் முஸ்லிம் அல்லாதாருக்குத் திறப்பதில்லை. கதவருகே நின்று வணங்கி நகர்வதே பண்பு. கேளாமல் எவரையும் படம் எடுக்கலாகாது. தேநீர் தந்தால் மறுக்கலாகாது. இயன்றவரை மலையூர் வீடுகளிலேயே தங்கி உண்ணுங்கள். கொடுக்கும் காசு நேரே அவர்கள் கைக்குச் சேரும்.

இம்லிலில் விடைபெறும்போது வழிகாட்டி ஒரு துணிப்பை நிறைய அக்ரூட் கொடுத்தார். 'என் தாய் நட்ட மரம். வீடு விழுந்தது, மரம் நின்றது' என்றார். பணம் கொடுக்க முனைந்தேன்; கையை நெஞ்சில் வைத்து மறுத்துவிட்டார். 'உங்கள் ஆலயத்தில் அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஹஜ்.'

ஊர் திரும்பிய முதல் செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் பீடத்தின் முன் அத்தாயை நினைத்து மன்றாடினேன். நவநாளுக்கு வந்த குழந்தைகளுக்கு அக்ரூட்டைப் பகிர்ந்தளித்தேன். ஒரு சிறுமி, 'சாமி, இது எந்த ஊர்க் கொட்டை?' என்று கேட்டாள்.

'அந்தோனியார் போக ஆசைப்பட்ட ஊர், அம்மா' என்றேன்.